மணல் மூடிய அணை எதற்கு?

அன்புள்ள ஐயா,

கிழக்கு ஆப்பிரிக்க வறட்சி பற்றிய உங்கள் கட்டுரையில், கென்யாவில் மணல் சேர்வதற்கென்றே அணை கட்டுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. எங்கள் பக்கம் தடுப்பணையில் மணல் ஏறினால் தூர்வார டெண்டர் விடுவார்கள். மணல் மூடிய அணையில் தண்ணீர் எங்கே நிற்கும்? வெளிநாட்டுப் பணம் நின்றால் எல்லாம் பாழாகிவிடாதா?

மு., கரூர்

அன்புள்ள மு.,

மணலுக்குள்தான் நிற்கும். ஆற்றில் ஊற்று தோண்டிக் குடித்தவர்களுக்கு இது புதிதல்ல.

மச்சாகோஸ், மக்குவேனி, கிட்டூயி பகுதிகளின் காட்டாறுகள் மழைக்குப் பின் கொஞ்ச காலமே ஓடும். குறுக்கே, அடிப்பாறையில் ஊன்றி, இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்புகிறார்கள். வெள்ளத்தில் வரும் பருமணல் சுவருக்குப் பின்னால் படியும். மிதந்து வரும் வண்டல் வழிந்து போய்விடும். மணலில் ஒரு மீட்டருக்குக் கீழே வெயில் நீரை அதிகம் உறிஞ்சாது. கொசுவும் பெருகாது.

சுவர் 3 மீட்டர் உயரம், ஆறு 20 மீட்டர் அகலம், மணல் 300 மீட்டர் தூரம் பின்னோக்கி நிற்கிறது என்று வையுங்கள். படுகை ஆப்பு போலச் சரிவதால் மூன்றையும் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும்: 3,000 கன மீட்டர் மணல். அதில் கால் பங்கு தண்ணீர் என்றாலும் ஏழரை லட்சம் லிட்டர். பெண்கள் சுமக்கும் 20 லிட்டர் மஞ்சள் கேனில் 37,500 கேன்.

அந்தக் கால் பங்கு மணலைப் பொறுத்தது. அதே கேனில் காய்ந்த மணலை நிரப்பி, மேலே ததும்பும்வரை தண்ணீர் ஊற்றி, அடியில் ஓட்டை போட்டு வடியவிட்டு அளந்தால் தெரிந்துவிடும். பருமணல் ஏழு லிட்டர் வரை திருப்பித் தரும். வண்டல் ஒரு லிட்டர் தந்தால் பெரிது. சுவரை ஒரேயடியாக உயர்த்தினால் வெள்ளம் குளம்போலத் தேங்கி வண்டலும் படிந்துவிடும். மணல் வரத்து குறைந்த ஆறுகளில் வெள்ளம் வழியும் சுவர்ப்பகுதியான வழிந்தோடியை மழைக்கு மழை 30 சென்டிமீட்டர் போல உயர்த்துவது அதனால்தான்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அடியிலும் ஓரத்திலும். பாறை என்று நினைத்தது பெரிய உருண்டைக்கல்லாக இருந்தால் நீர் கீழே கசியும். சுவரின் இறக்கைகள் கரைக்குள் போதிய தூரம் போகாவிட்டால், வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு புதுவழி போட்டுவிடும்; அணை மட்டும் நடு ஆற்றில் அம்போ என்று நிற்கும். கரைப்பாறையை ஆடுமாடுகள் நக்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நக்கினால் உப்பு, அங்கே கட்டக் கூடாது.

பணம் பற்றிக் கேட்டீர்கள். சிமென்ட், கம்பி, பொறியாளர் வெளியிலிருந்து வரலாம். கல் சுமப்பதும் மண் வெட்டுவதும் அந்தப் பகுதியில் வாழும் கம்பா மக்களின் 'ம்வெத்யா' என்னும் கூட்டுழைப்புக் குழுக்கள். அவற்றில் பெண்களே அதிகம். மேட்டுநிலத்தில் 'ஃபான்யா ஜூ' வரப்பு போடுவதும் அவர்கள்தான். வாய்க்கால் தோண்டி மண்ணை மேல்பக்கம் வீசும் முறை அது. கட்டி முடித்தபின் பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை.

என் பயம் பணத்தைப் பற்றியதல்ல, லாரியைப் பற்றியது. நைரோபியில் கட்டடம் எழ எழ மணலுக்கு விலை ஏறுகிறது. மணல் போனால் தண்ணீர்த் தொட்டியே போச்சு. மக்குவேனி மாவட்ட அரசு 2015இல் மணல் பாதுகாப்புக்குத் தனிச்சட்டம் போட்டது. ஆற்றுமணல் யாருடையது என்பது தீராத ஊரில் அணை கட்டுவது, என்னைக் கேட்டால், லாரிக்காரருக்கு மணல் சேர்த்துக் கொடுப்பதுதான்.

எல்லை ஒன்றும் உண்டு. 2020 கடைசியிலிருந்து 2022 வரை அந்த வட்டாரத்தில் ஐந்து மழைப்பருவங்கள் தொடர்ந்து பொய்த்தன. பயிருக்குப் பற்றாத மழையிலும் ஒரு வெள்ளம் வந்தால் அணை நிரம்பலாம். மேய்ச்சல் புல்லை அது முளைக்க வைக்காது.

உங்கள் தடுப்பணையிலும் கேன் சோதனையைச் செய்து பாருங்கள். வண்டல் என்றால் டெண்டர் விடட்டும்.