டி செல் கேள்விகள்: தைமஸ் முதல் தோல் சோதனை வரை

தேர்வுக்குப் படிக்கிறவர்களும், கிளினிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களும் இம்முறை ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்.

ஒரு டி செல் சிடி4 ஆவதா சிடி8 ஆவதா என்பது எப்படி முடிவாகிறது? என்னிடம் உள்ள இரண்டு புத்தகங்களும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. (மாணவி, வெஸ்ட்வில்)

சிடி4, சிடி8 இரண்டும் டி செல்லின் மேற்பரப்புப் புரதங்கள்; சிடி4 உள்ளது மற்ற எதிர்ப்புச் செல்களுக்கு உதவும், சிடி8 உள்ளது தொற்றிய செல்லைக் கொல்லும். எலும்பு மஜ்ஜையிலிருந்து, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பிக்கு வந்து சேரும் முன்னோடி செல்லில் சிடி4-ம் கிடையாது, சிடி8-ம் கிடையாது. தைமஸின் எபிதீலியச் செல்கள் தரும் நாட்ச் சமிக்ஞைதான் அதை டி செல் வழிக்குத் திருப்புகிறது. பிறகு ராக்-1, ராக்-2 நொதிகள் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்ட, முதலில் டி செல் ஏற்பியின் (அடையாளம் காணும் புரதத்தின்) பீட்டா சங்கிலி உருவாகும். அது சரியாக அமைந்த செல்தான் பெருகும். சிடி4, சிடி8 இரண்டையும் ஏந்திக்கொண்டு ஆல்ஃபா சங்கிலியை அமைக்கும். பீட்டாவைவிட ஆல்ஃபாவுக்கு வாய்ப்பு அதிகம். ஒருமுறை பொருந்தாவிட்டால் மறுபடி வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். ஆனால் அவகாசம் மூன்று நான்கு நாள்தான். அதற்குள் உடலின் சொந்த எம்எச்சி (புரதத் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் புரதம்) எதையும் பிடிக்க முடியாத செல் மடிந்துவிடும்.

உங்கள் பழைய புத்தகம் இது தற்செயலாக நடப்பதாகச் சொல்லியிருக்கும். இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் வேறு. ஏற்பிக்குச் சமிக்ஞை கிடைத்ததும் செல் முதலில் சிடி8 உற்பத்தியைக் குறைக்கிறது. அப்போதும் சமிக்ஞை தொடர்ந்தால், அந்த ஏற்பி பிடித்திருப்பது இரண்டாம் வகை எம்எச்சி. திபாக் என்ற காரணி மேலோங்கி, செல் சிடி4 ஆகிறது. சமிக்ஞை அறுந்துபோனால், அது சிடி8-ன் துணையோடு முதல் வகை எம்எச்சியைப் பிடித்திருந்த செல். இன்டர்லூக்கின்-7 என்ற செய்திப் புரதமும் ரன்எக்ஸ்3 என்ற காரணியும் அதைச் சிடி8 ஆக்குகின்றன. விடைத்தாளில் சமிக்ஞை நீடிக்கும் நேரத்தை எழுத மறக்காதீர்கள். வெறும் வலிமையை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

கடைசிக் கட்டம் தைமஸின் உட்பகுதியில். அங்கே ஏர் என்ற மரபணு, இன்சுலின் போன்ற வேறு உறுப்புகளின் புரதங்களையும் உண்டாக்கிக் காட்டுகிறது. அவற்றை இறுகப் பிடிக்கும் செல்கள் அழிக்கப்படும்; சில ஒழுங்குபடுத்தும் டி செல்களாகும். எல்லாத் தேர்வும் முடிந்து உயிரோடு வெளியே வருபவை நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது.

பி செல் முழுப் புரதத்தையே பிடிக்கிறது. டி செல்லுக்கு மட்டும் ஏன் துண்டு வேண்டும்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

டி செல் பார்க்க வேண்டியது இன்னொரு செல்லின் உள்ளே நடப்பதை. அதற்கு உள்ளிருப்பது வெளியே வந்தாக வேண்டும். செல்லுக்குள் உருவான புரதத்தைப் புரோட்டியசோம் நறுக்கும். 8 முதல் 10 அமினோ அமிலம் கொண்ட துண்டு முதல் வகை எம்எச்சியில் ஏறி, சிடி8 செல்லுக்குக் காட்டப்படும். வெளியிலிருந்து விழுங்கிய புரதம் பைகளுக்குள் சிதைந்து, பெரும்பாலும் 13 முதல் 25 அமினோ அமிலம் கொண்ட துண்டாக இரண்டாம் வகையில் ஏறும், அது சிடி4-க்கு. துண்டும் எம்எச்சியும் சேர்ந்தால்தான் அடையாளம் என்பதை 1974-ல் கான்பெராவில் சிங்கர்நேகலும் டோஹர்ட்டியும் காட்டினார்கள். 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிடித்தால் மட்டும் போதாது. சிடி28 வழியாக இரண்டாவது சமிக்ஞை வராத செல் செயலற்றுப்போகும். கூடவே வரும் சைட்டோகைன் என்ற செய்திப் புரதம்தான் சிடி4 செல்லின் அடுத்த பாதையைத் தீர்மானிக்கிறது. இன்டர்லூக்கின்-12 என்றால் காசநோய்க் கிருமியை எதிர்க்கும் டிஎச்1. இன்டர்லூக்கின்-4 என்றால் குடற்புழுவுக்கும் ஒவ்வாமைக்கும் உரிய டிஎச்2.

எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆண் குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே தொற்றில் போய்விட்டன. நான் இப்போது ஏழு மாதம். பிறந்தவுடன் பிசிஜி போடலாமா? (டொங்காட்)

பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இது பிறவியிலேயே டி செல் இல்லாத குறையாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் குழந்தை பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவது வழக்கம். அது உயிருள்ள கிருமி. டி செல் இல்லாத குழந்தையின் உடல் முழுக்கப் பரவிவிடும். ஆண் பிள்ளைகளையே தாக்கும் வகையில், இன்டர்லூக்கின்-7 சமிக்ஞையை உள்வாங்கும் காமா சங்கிலி பழுதாகி, தைமஸில் டி செல் உருவாவதே நின்றுபோகும். இது தாய்வழி வருவது. ராக் மரபணுப் பழுது பெண் குழந்தைக்கும் வரும்; மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிறந்த சில நாள்களில் ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கையும் டி, பி, என்கே செல் பிரிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை பிசிஜியும் ஆறாவது வாரத்து ரோட்டா சொட்டு மருந்தும் வேண்டாம். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் அது கதிர்வீச்சு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். குறை உறுதியானால், மூன்றரை மாதத்துக்குள், தொற்று வருமுன் செய்யும் மஜ்ஜை மாற்றுக்குத்தான் நல்ல பலன்.

மருமகனுக்கு டிபி. நாலு வயசுப் பேத்திக்குக் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 15 மில்லிமீட்டர் சிவந்திருந்தும் நர்ஸ் 6 என்று எழுதினார். சரியா? (ஒரு தாத்தா, சாட்ஸ்வொர்த்)

நர்ஸ் எழுதியதுதான் சரி. சிவப்பை அளப்பதில்லை. விரலால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும் தடிப்பைத்தான், கையின் குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். 0.1 மில்லி மருந்தைத் தோலுக்குள்ளேயே செலுத்தியதும் ஒரு சிறு கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று பொருள், சோதனை செல்லாது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். நினைவில் வைத்திருக்கும் டிஎச்1 செல்கள் அந்த இடத்துக்கு வந்து, இன்டர்ஃபெரான்-காமா சுரந்து, மேக்ரோஃபேஜ்களைக் கூட்ட அவ்வளவு நேரமாகும்.

10 மில்லிமீட்டர் முதல் நேர்மறை. எச்ஐவி அல்லது கடும் ஊட்டக்குறைவு உள்ள குழந்தைக்கு 5. சிறு வயதில் போட்ட பிசிஜி கொஞ்சம் தடிப்பைத் தரலாம். ரத்தத்தில் செய்யும் இன்டர்ஃபெரான் சோதனைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அதில் பயன்படும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்கள் பிசிஜி கிருமியில் கிடையாது. தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நாலைந்து வாரத்துக்குள்ளோ, ஸ்டீராய்டு சாப்பிடும்போதோ பார்த்தால் பொய்யாக எதிர்மறை வரும்.

இந்த 6-ஐ வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வீட்டில் டிபி இருக்கும்போது ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதி செய்தபின், தோல் சோதனை எப்படி வந்தாலும் தடுப்பு மருந்து தர வேண்டும். கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள்.

எச்ஐவிக்கு ஏஆர்வி மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் சிடி4 செல் எண்ணிக்கை 480-லிருந்து 395-க்கு இறங்கிவிட்டது. மருந்து கேட்கவில்லையா? (ஃபீனிக்ஸ்)

வைரஸ் அளவு 50-க்குக் கீழே இருக்கிறதா? இருந்தால் மருந்து வேலை செய்கிறது. சிடி4 காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருக்கும். ஒரு காய்ச்சலோ பிரெட்னிசோனோ போதும், இறங்கிவிடும். இந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம். அடுத்த முறையும் அதே நேரத்தில், உடம்பு நன்றாக இருக்கும்போது ரத்தம் கொடுங்கள். எடுத்த குழாய் ஃபிரிட்ஜில் வைத்தாலும் கணக்கு கெடும். கவலைப்பட வேண்டிய கோடு 200: அதற்குக் கீழே கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் கிரிப்டோகாக்கஸ் சோதனையும் தேவை.

அபகாவிர் என்ற எச்ஐவி மருந்து தொடங்குமுன் ஜீன் சோதனை வேண்டுமா? (லேடிஸ்மித்)

கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எச்எல்ஏ-பி 57:01 என்ற எம்எச்சி வகை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அரிது. இந்திய வம்சாவளியினரிடம் அப்படியில்லை. அபகாவிர் அந்த எம்எச்சியின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அங்கே ஏறும் துண்டுகளே மாறிவிடும். சிடி8 செல்கள் சொந்த உடம்பை அந்நியமாகப் பார்க்கும். (இதே 57 குடும்பம் எச்ஐவியைக் கட்டுப்படுத்துவதில் கெட்டி என்பது வேடிக்கைதான்.) ஏற்கெனவே தொடங்கியிருந்தால் முதல் ஆறு வாரம் கவனியுங்கள்: காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்து ஒவ்வொரு வேளை மருந்துக்கும் கூடினால் உடனே டாக்டரிடம் போங்கள். ஒவ்வாமை என்று நிறுத்திய அபகாவிரை மறுபடி ஒரு மாத்திரைகூடச் சாப்பிடக் கூடாது. அது உயிரையே வாங்கிவிடும்.