கம்பெனிகள் இணைந்தால் என் சீனியாரிட்டி என்னாகும்?

கேள்வி: வணக்கம் மேடம். சிங்கப்பூரில் ஒரு மலிவுக் கட்டண விமான நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கிறேன். கேப்டன் பயிற்சிக்கு அடுத்து என் முறைதான். இப்போது எங்களைத் தாய் நிறுவனத்தோடு இணைக்கிறார்கள். புதுக் கடிதம் வந்திருக்கிறது, பத்து நாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் சீனியாரிட்டி போய்விடுமா? எங்கள் யூனியன் எனக்காகப் பேச முடியுமா?
– செங்காங் வாசகர்

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, "வேலையில் சேர்ந்த தேதி" என்ற வரி. அங்கே உங்கள் பழைய தேதி இருக்கிறதா, இணைப்பு நடக்கும் தேதி இருக்கிறதா? இரண்டாவது, "இப்போதைய வேலையிலிருந்து விலகி, புதிய நியமனத்தை ஏற்கிறேன்" என்ற மாதிரி ஏதாவது வாசகம் உண்டா? இருந்தால் பேனாவை மூடி வையுங்கள். ராஜினாமா செய்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவராக உங்களைக் காட்ட அந்த ஒரு வரி போதும்.

வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவு உங்களுக்குத் துணை. ஒரு நிறுவனத்தின் தொழில் இன்னொன்றின் கைக்கு மாறும்போது ஊழியர்களின் ஒப்பந்தமும் அப்படியே மாறுகிறது. சம்பளம், விடுப்பு, மற்ற நிபந்தனைகள் எல்லாம் தொடரும், பணிக்காலமும் அறுபடாது. 2019 ஏப்ரலிலிருந்து இந்தச் சட்டம் மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் சேர்த்தே பொருந்துவதால், "உங்கள் சம்பளத்துக்கு இது பொருந்தாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணிக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இழப்பு சின்னதல்ல. இரண்டு ஆண்டு முடிக்காதவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் உரிமையே இல்லை என்கிறது அதே சட்டம். ஒன்று மட்டும்: பங்குகள் மட்டும் கைமாறி, உங்கள் முதலாளி நிறுவனம் அதே பெயரில் அப்படியே நீடித்தால் 18ஏ-க்கு வேலை இல்லை. உங்கள் ஒப்பந்தத்திலும் எதுவும் மாறாது.

சரி, பணிக்காலம் பத்திரம். கேப்டன் வரிசையில் உங்கள் எண்? கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், சட்டம் அதைக் காப்பாற்றித் தராது. இரண்டு நிறுவனங்களின் சீனியாரிட்டிப் பட்டியலையும் எப்படி ஒன்றாகக் கோக்க வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டத்தில் எங்கும் இல்லை. இன்னும் மோசம், பதவி உயர்வை யூனியன் பேரப் பேச்சில் முன்வைக்கவே முடியாது என்கிறது தொழில் உறவுச் சட்டம். நிறுவனம் மறுத்தால் தொழில் நடுவர் நீதிமன்றத்துக்கு இழுக்க வழியில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே 2007-இல் ஒரு சட்டம் வந்தது. 2001-இல் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டிடபிள்யூஏ-காரர்களில் பலரைப் பட்டியலின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். அந்த மனக்குறைதான் காரணம். நடுவர் வந்து கோத்தாலும் எல்லாம் சுமுகமாகிவிடும் என்பதில்லை. யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்த பிறகு, அவற்றின் விமானிகளுக்கு நடுவர் 2007-இல் கொடுத்த பட்டியலில், யுஎஸ் ஏர்வேஸில் பதினேழு ஆண்டு வேலை பார்த்தவர் நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே போனார். வெகுண்ட யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் அடுத்த ஆண்டே பழைய யூனியனைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அப்புறமும் பல ஆண்டுகள் இரண்டு பட்டியல்தான் ஓடியது. சேர்ந்த தேதிப்படி கோக்கச் சொல்வது மூத்தவர்களுக்கு லாபம், ஒவ்வொரு பதவியிலும் இரு தரப்பையும் விகிதப்படி கலந்து கோத்தால் வேகமாக வளர்ந்த நிறுவனத்தின் விமானிகளுக்கு லாபம். நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யூனியன் கேள்விக்கு வருகிறேன். இணைந்த பிறகு புதிய நிறுவன ஊழியர்களில் பெரும்பான்மையினர் உங்கள் சங்கத்தில் இருந்தால் சங்கத்துக்கு முழு அங்கீகாரம் தானாகவே தொடரும். இல்லாவிட்டால் பழைய கூட்டு ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை அதைப் பற்றிய தகராறுகளுக்கும், இந்த மாற்றத்தால் எழும் தகராறுக்கும் மட்டும்தான் பேசலாம். எழுநூறு பேர் உள்ள இடத்துக்கு நீங்கள் முந்நூறு பேர் போனால் கணக்கு தெரிந்ததுதானே! அங்குள்ள சங்கத்தில் கூட்டமாகச் சேர்ந்து, உங்கள் தரப்பிலிருந்து ஓரிருவரைச் செயற்குழுவுக்கு அனுப்புவதே புத்திசாலித்தனம் என்பேன்.

ஆனால் உங்கள் பிடி இறுகியிருக்கும் நேரம் இப்போதுதான். மாற்றத்துக்கு முன்பே, கலந்து பேசப் போதிய அவகாசம் இருக்கும்படி, தேதி, காரணம், விளைவுகள், எடுக்கப்போகும் நடவடிக்கைகள் அனைத்தையும் ஊழியருக்கும் யூனியனுக்கும் நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். பத்து நாள் கெடு இதற்கு எப்படிப் போதும் என்று சங்கம் வழியாக எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் மனிதவள அமைச்சிடம் போகலாம். கூடவே, பயிற்சிக்குத் தேர்வானவர்களின் வரிசை இத்தனை ஆண்டுக்குக் கலையாது என்று தனிக் கடிதமாக வாங்கப் பாருங்கள். பேச மறுக்க அவர்களுக்கு உரிமை இருந்தாலும், முந்நூறு விமானிகளை அதிருப்தியோடு உள்ளே எடுக்க எந்த நிர்வாகமும் விரும்பாது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. பயிற்சி பாண்டு, அதாவது பயிற்சிக்குப் பதிலாக இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்தது, பாக்கி இருக்கிறதா? ஒப்பந்தம் மாறும்போது அதுவும் உங்களோடு புது நிறுவனத்துக்கு வந்துவிடும். கம்பெனி மாறியதால் பாண்டு செல்லாது என்று சக விமானி யாராவது சொன்னால், அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.