ஆய்வு நிதியும் கணக்கும்: கேள்வி பதில்

மத்திய அரசின் நல்கையில் (நிதியுதவியில்) நடைபெறும் ஆய்வுத் திட்டங்களைக் குறித்து வந்த கேள்விகளுக்கு, மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுத் திட்டப் பிரிவில் நிதி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் விடையளிக்கிறார்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், இயற்பியல்): ஐயா, கருவிக்குக் கொள்முதல் ஆணை கொடுத்துவிட்டோம்; மார்ச் 31-க்குள் கருவி வந்து சேராது. பயன்பாட்டுச் சான்றிதழில் அத்தொகையைச் செலவாகக் காட்டலாமா?

பதில்: காட்டக் கூடாது. இந்தச் சான்றிதழுக்கு உரிய, மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவத்தில் நீங்கள் கையொப்பமிடுவது, பணம் செலவாகிவிட்டது, அதுவும் எதற்காக ஒப்பளிக்கப்பட்டதோ அதற்கே செலவாகியிருக்கிறது என்ற உறுதிமொழிக்கு. ஆணை மட்டும் கொடுத்துப் பணம் வழங்காமல் நிற்கும் தொகையைச் செலவு அறிக்கையின் குறிப்பில் தனியாக எழுதி, ஆணையின் நகலை இணைத்து, மீதியை அடுத்த நிதியாண்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி கேளுங்கள். நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் சான்றிதழ் தந்தால் போதும் என்பது விதி. ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள், ஏனெனில் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வருவதில்லை, தவணை வராவிட்டால் முதலில் நிற்பது திட்டப் பணியாளரின் மாதச் சம்பளம்தான். மீதிப் பணம் வெட்கப்பட வேண்டிய செய்தி அன்று. மார்ச் கடைசி வாரத்தில் தேவையில்லாத வேதிப்பொருள்களை வாங்கி அலமாரியை நிரப்புவதுதான் தணிக்கையில் கேள்வியாகிறது.

கேள்வி (அதே துறையிலிருந்து): அப்படியானால், வங்கியில் கிடக்கும் அந்தப் பணத்துக்கு வரும் வட்டி திட்டத்துக்கு உரியதா, பல்கலைக்கழகத்துக்கு உரியதா?

பதில்: இரண்டுக்கும் உரியதன்று. அதே பொது நிதி விதிகளின் விதி 230-இன்படி, கணக்கு இறுதியானவுடன் வட்டியை, மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதியத்தில் செலுத்திவிட வேண்டும். அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைக்க விதி இடம் தரவில்லை. மத்திய அரசுக்கு இணையவழியில் பணம் செலுத்தும் பாரத்கோஷ் தளத்தின் வழியாகச் செலுத்தி, ரசீதைக் கணக்குடன் வைக்க வேண்டும். பல திட்டங்களின் பணத்தை ஒரே சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருக்கும் இடங்களில், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு வட்டி என்று மூன்று ஆண்டுகள் கழித்துப் பிரிப்பது பெரும்பாடு. நானே ஒரு கோடை முழுவதும் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். காலாண்டுக்கு ஒருமுறை திட்டவாரியாகப் பிரித்து எழுதிவிட்டால் ஒரு நாள் வேலையாக முடிந்துவிடும்.

கேள்வி (முதன்மை ஆய்வாளர், வேதியியல்): விலைப்புள்ளி (விற்பனையாளர்களின் எழுத்து மூலமான விலை விவரம்) இல்லாமல் 2 லட்சம் ரூபாய் வரை வாங்கலாம் என்று செய்தியில் படித்தேன். எங்கள் நிதிப் பிரிவு மறுக்கிறது.

பதில்: மறுப்பதில் நியாயம் இருக்கிறது. 2025 ஜூனில் வெளியான அறிவிப்பு, விலைப்புள்ளியின்றி வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சத்துக்கும், கொள்முதல் குழுவின் வழியாக வாங்கும் வரம்பை 10 லட்சத்திலிருந்து 25 லட்சத்துக்கும் உயர்த்தியது உண்மை. ஆனால் அது மத்திய அரசின் அறிவியல் துறைகளையும் அவற்றின் நிறுவனங்களையும் மனத்தில் கொண்டு வந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ஐயும் தன் ஆட்சிக்குழு ஏற்ற கொள்முதல் விதிகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எனவே முதலில் உங்கள் ஒப்பளிப்பு ஆணையை எடுத்து, எந்த விதியைப் பின்பற்றச் சொல்கிறது என்று படியுங்கள். வியப்பாக இருக்கும், அந்த ஆணையில் தொகை எழுதிய பக்கத்தைத் தாண்டிப் படித்த ஆய்வாளர்கள் மிகச் சிலரையே நான் கண்டிருக்கிறேன். வரம்பு எதுவாயினும், ஒரே பொருளை நான்கு தனித்தனிக் கொள்முதல்களாகத் துண்டுபோட்டு வாங்காதீர்கள். பொது நிதி விதிகளின் விதி 157 அதை வெளிப்படையாகத் தடுக்கிறது, தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் தணிக்கையாளருக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கேள்வி (திட்ட ஆய்வாளர்): 2022-இல் ஒப்பளித்த திட்டத்தில் இளநிலை ஆய்வாளராக இருந்தேன். மாதம் ரூ. 31,000 வீதமே முடிவு வரை தந்தார்கள். நிலுவை கிடைக்குமா?

பதில்: 2023 ஜனவரி 1 முதல் இளநிலைக்கு ரூ. 37,000, முதுநிலைக்கு ரூ. 42,000 என்று உதவித்தொகை உயர்ந்தது. வீட்டு வாடகைப்படி தனி. நிதி வழங்கிய அமைப்பு அந்த உயர்வை ஏற்றிருந்தால், முதன்மை ஆய்வாளர் பதிவாளர் வழியாகக் கூடுதல் நிதி கேட்டிருக்க வேண்டும். திட்டக் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை என்றால் இப்போதே எழுத்து மூலமாக அவரிடம் விண்ணப்பியுங்கள். நுகர்பொருள் செலவுக்கான தலைப்பில் மீதி இருக்கிறது, அதிலிருந்து தந்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அனுமதிக் கடிதம் இல்லாமல் அதைச் செய்ய விடாதீர்கள்.

கேள்வி (இணைப் பேராசிரியர், உயிரித் தொழில்நுட்பம்): மேற்செலவுத் தொகையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்கிறது. பணம் கொண்டுவந்தவருக்கு அதில் பங்கு வேண்டாமா?

பதில்: நல்கை உங்கள் உழைப்பால் வந்தாலும், நிறுவனத்தின் பெயரில்தான் வருகிறது. ஆய்வகத்தின் மின்கட்டணம், இணையம், கணக்கு எழுதுபவரின் நேரம் ஆகியவற்றுக்கான ஈடு அது. ஆனால் உங்கள் குறையிலும் நியாயம் உண்டு: அந்தத் தொகை பொதுக் கணக்கில் கலந்து மறைந்துவிட்டு, உங்கள் குளிர்பதனப் பெட்டியைப் பழுதுபார்க்கப் பணமில்லை என்ற பதில் வந்தால் யாருக்கும் கோபம் வரும். ஒரு பகுதியைத் துறைக்கும் முதன்மை ஆய்வாளருக்கும் பிரித்துத் தருவதற்கு ஆட்சிக்குழுவின் தீர்மானம் தேவை. தனி ஆளாகக் கேட்காமல் துறையாகக் கேளுங்கள்.

கேள்வி (பேராசிரியர்): தனியார் நிறுவனம் தரும் ஆய்வு நல்கைக்கு ஜிஎஸ்டி உண்டா?

பதில்: வருமான வரிச் சட்டத்தின் கீழ் ஆய்வுக்காக அறிவிக்கை பெற்ற பல்கலைக்கழகமாக இருந்தால், நல்கையாகப் பெறும் தொகைக்கு 2024 அக்டோபர் 10 முதல் விலக்கு உண்டு. அதே நிறுவனத்துக்கு மாதிரிகளைச் சோதித்துக் கொடுத்துக் கட்டணம் வாங்கினால் அது நல்கையன்று, கட்டணச் சேவை. 18 விழுக்காடு வரி விதிக்கப்படும். ஒப்பந்தத்தில் ‘நல்கை’ என்று எழுதிவிட்டு உள்ளே சோதனைக் கட்டணப் பட்டியலை இணைத்த கோப்புகள் என் மேசைக்கு வந்ததுண்டு. அவற்றைத் திருப்பி அனுப்பினேன்.

கேள்வி (உதவிப் பேராசிரியர்): வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறேன். திட்டக் கருவியை எடுத்துச் செல்லலாமா?

பதில்: நிதி வழங்கிய அமைப்பின் முன் அனுமதியும் இரண்டு பல்கலைக்கழகங்களின் எழுத்து மூலமான இசைவும் கிடைத்த பிறகு எடுத்துச் செல்லலாம். புறப்படுவதற்கு முன் இருப்புப் பதிவேட்டில் உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.