ஏரியின் அடிநீரில் நைட்ரேட் மறைந்தால் நைட்ரஜன் போய்விட்டதா?

கேள்வி: நான் பராமரிக்கும் ஏரியில் கோடைதோறும் அடிநீரில் ஆக்சிஜன் இல்லாமல் போகிறது. அப்போது அங்கே நைட்ரேட்டும் பூஜ்யமாகிவிடுகிறது. அம்மோனியம் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. நைட்ரேட் மறைந்ததால் ஏரி தானாகவே சுத்தமாகிறது என்கிறார் நண்பர். அது சரிதானா? அடியில் காற்று செலுத்தலாமா?

பதில்: நண்பர் சொல்வது பாதிதான் சரி. நைட்ரேட் இரண்டு வழிகளில் மறையும். ஒன்றில் நைட்ரஜன் வாயுவாகி ஏரியை விட்டே வெளியேறுகிறது. மற்றதில் அம்மோனியமாக மாறி நீரிலேயே தங்கிவிடுகிறது. நைட்ரேட்டை மட்டும் அளந்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கோடையில் சூடான மேல்நீர் இலேசாகி மிதக்கிறது. குளிர்ந்த அடிநீர் தனியாகப் பிரிந்து நிற்கிறது. மேலிருந்து செத்து விழும் பாசி அங்கே மட்கும்போது இருக்கும் ஆக்சிஜனெல்லாம் தீர்ந்துவிடும். அதன் பின் பல பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைச் சுவாசிக்கத் தொடங்குகின்றன. நைட்ரேட் முதலில் நைட்ரைட்டாகிறது. பிறகு நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என்று படிப்படியாக மாறி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிறது. ஒவ்வொரு படிக்கும் தனி நொதி வேண்டும். கடைசிப் படியின் நொதியை ஆக்சிஜன் எளிதில் முடக்கிவிடும். ஆகவே ஆக்சிஜன் சிறிதளவு கசியும் எல்லைப் பகுதியில் வேலை பாதியில் நின்று, நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறக்கூடும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு.

நைட்ரேட் குறைவாகவும் மட்கும் பொருள் மிகுதியாகவும் இருக்கும் இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. அவை நைட்ரேட்டை நேராக அம்மோனியமாக மாற்றிவிடும். அடிநீரை மேலே எடுத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இந்த வழியையும் சந்தேகியுங்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. அது வாயுவாக்கும் பாதையின் கடைசிப் படியைத் தடுக்கிறது. அம்மோனியமாக்கும் பாக்டீரியாக்களில் சிலவற்றுக்கு உணவாகவும் அமைகிறது.

ஆனால் உங்கள் ஏரியில் ஏறும் அம்மோனியத்தின் பெரும்பகுதி, வண்டலில் மட்கும் புரதத்திலிருந்தே வருகிறது என்பது என் கணிப்பு. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். அது இல்லாததால் புதிய நைட்ரேட் உருவாவதில்லை. புதிய நைட்ரேட் இல்லாததால் வாயுவாகி வெளியேறும் வழியும் அடைபட்டுவிடுகிறது. அதாவது ஆக்சிஜன் முற்றிலும் அற்ற நீர் நைட்ரஜனை வெளியேற்றுவதை விடச் சேர்த்து வைப்பதே அதிகம். ஆக்சிஜன் உள்ள நீரும் இல்லாத நீரும் சந்திக்கும் மெல்லிய அடுக்கில்தான் உண்மையான வெளியேற்றம் நடக்கிறது.

அந்த அடுக்கில் இன்னொரு வகை பாக்டீரியாவும் வாழக்கூடும். அது அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் இணைத்து, ஆக்சிஜன் இல்லாமலேயே நைட்ரஜன் வாயுவாக்கும். இப்படி ஓர் உயிரி இருக்க வேண்டும் என்று ஆஸ்திரிய வேதியியலாளர் எங்கல்பெர்ட் புரோடா 1977இல் கணித்தார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கழிவுநீர் ஆய்வில் அது பிடிபட்டது. பின்னர் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியின் ஆழ்நீரிலும் அதன் செயல்பாடு உறுதியானது. மிக மெதுவாகப் பெருகும் இனம் இது. ஒரு முறை இரட்டிப்பாகப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அடிக்கடி கலங்கும் நீரில் அது காலூன்றுவது கடினம்.

இதை ஆய்வகத்தில் பிரித்தறியும் முறை அழகானது. நிறை எண் 15 கொண்ட நைட்ரஜனால் ஆன அம்மோனியத்தை, ஆக்சிஜன் நீக்கிய குப்பியில் ஏரி நீருடன் சேர்ப்பார்கள். நிறை 29 கொண்ட நைட்ரஜன் வாயு வெளிவந்தால், சேர்த்த அம்மோனியத்தின் ஓர் அணுவும் (நிறை 15) நீரிலிருந்த நைட்ரைட்டின் சாதாரண நைட்ரஜன் அணு ஒன்றும் (நிறை 14) இணைந்திருக்கின்றன என்று பொருள்.

உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. மேற்பரப்பிலிருந்து அடிவரை ஒவ்வொரு மீட்டரிலும், ஆக்சிஜன் சரியும் ஆழத்தில் இன்னும் நெருக்கமாகவும் மாதிரி எடுங்கள். குப்பியின் அடிவரை குழாயை இறக்கி நிரப்பி, நீரைச் சற்று வழியவிட்ட பின் மூடுங்கள். காற்றுக் குமிழி உள்ளே தங்கக் கூடாது. வடிகட்டிக் குளிரில் வைத்து விரைவில் சோதியுங்கள். நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியம் மூன்றையும், முடிந்தால் மொத்த நைட்ரஜனையும் அளந்து ஆழத்துக்கு எதிராக வரைபடமாக்குங்கள். கீழிருந்து வரும் அம்மோனியமும் மேலிருந்து வரும் நைட்ரேட்டும் ஒரே ஆழத்தில் தேய்ந்தால் வெளியேற்றம் அங்கே நடக்கிறது என்று ஊகிக்கலாம். மொத்த நைட்ரஜன் பல வாரங்களுக்குக் குறையாமலிருந்தால் நண்பரின் நம்பிக்கை தவறு.

காற்று செலுத்தலாம், அவசரப்படாமல். கீழ் அடுக்கைக் கலைக்காமல் அதற்குள்ளேயே ஆக்சிஜன் ஏற்றும் அமைப்பையே நான் பரிந்துரைப்பேன். கோடை நடுவில் பெரிய குமிழிகளால் ஏரியை ஒரேயடியாகக் கலக்கிவிடாதீர்கள். சல்ஃபைடு மேலேறி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். அதோடு 25 டிகிரி செல்சியஸில், கார அமிலத்தன்மை அளவு (pH) 7 உள்ள நீரில் அம்மோனியத்தின் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதியே மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாக இருக்கும். 9 உள்ள நீரில் அது மூன்றில் ஒரு பங்கைத் தொடும். பாசி மண்டிய மேல்நீர் பகலில் 9ஐ எட்டுவது சாதாரணம். ஆகவே அடுக்கு பிரிவதற்கு முன்பே, வசந்தத்தில் கருவியை ஓட்டத் தொடங்குங்கள். தொடங்கிய பின் முதல் சில வாரங்கள் நைட்ரைட்டையும் விடாமல் அளந்து வாருங்கள். அதுவும் மீன்களுக்கு நஞ்சுதான்.