ஷாவின் கையெழுத்து போதவில்லை

கேள்வி: 1901-இல் பாரசீக மன்னரிடமே எண்ணெய் உரிமை பெற்றுவிட்ட பிறகும், உள்ளூர்த் தலைவர்களோடு தனி ஒப்பந்தங்கள் எதற்கு?

பதில்: பிரிட்டிஷ் முதலீட்டாளர் வில்லியம் நாக்ஸ் டார்சிக்கு மன்னர் முசாஃபருத்தீன் ஷா வழங்கிய 60 ஆண்டு உரிமை, ரஷ்யாவின் மனம் கோணாதிருக்க விலக்கப்பட்ட ஐந்து வட மாகாணங்கள் நீங்கலாக நாடு முழுவதையும் தழுவியது, ஈடாகப் பேசப்பட்டவை 20,000 பவுண்டு ரொக்கம், அதே மதிப்புக்குப் பங்குகள், நிகர இலாபத்தில் 16 சதவீதம். ஆனால், எண்ணெய் தேடப்பட்ட மலைகளில் தெஹ்ரானின் ஆணை செல்லவில்லை. அங்கே பக்தியாரி பழங்குடியின் தலைவர்களான கான்கள் வைத்ததே சட்டம். ஆகவே நிலத்துக்கும் காவலுக்கும் ஈடாக 3 சதவீதப் பங்கு தருவதாக 1905-இல் அவர்களுடன் உடன்பாடு செய்யப்பட்டது. 1908-இல் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டதும், சுத்திகரிப்பு ஆலைக்கு அபாதான் தீவில் இடம் வேண்டி, அப்பகுதியை ஆண்ட முகம்மரா ஷேக் கஸ்அலுடன் மறு ஆண்டே இன்னோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிகர இலாபத்தைக் கணக்கிடும் பேனாவோ (சூட்சுமமே அதில்தான்) டார்சியின் உரிமையை ஏற்று நடத்திய ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் கையிலேயே இருந்தது. அதனால் அரசின் பங்கு பற்றி எழுந்த சச்சரவு முற்றித்தான் 1932-இல் அப்போதைய மன்னர் ரேசா ஷா அவ்வுரிமையை ரத்து செய்தார்.