படகும் ஒளியும்: உங்கள் ஐந்து நிமிடப் பேச்சுக்கு

தம்பி, தொடக்கக் கல்லூரித் தமிழ் வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், ‘ஸ்டார் டிரெக்’, ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்கள் இரண்டிலும் மறுமைக் காட்சிகள் ஒன்றுபோல இருக்கின்றன, யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பி விவகாரத்தை விடுங்கள், நிரூபிக்க முடியாது. இரண்டுக்கும் பின்னால் பழைய மதக் கதைகள் இருக்கின்றன. அதைப் பிடியுங்கள்.

முதலில் படகு. ‘ஸ்டார் டிரெக்’ வரிசையின் ‘வாயேஜர்’ தொடரில், 1999இல் வந்த ஓர் அத்தியாயத்தில், பாதி கிளிங்கனான பொறியாளர் பெலானா டோரஸ் கண்விழிப்பது, மானம் கெட்டுச் செத்த கிளிங்கன்களை (மானத்தைப் பெரிதாக நினைக்கும் வேற்றுக்கிரகப் போர்வீரர்கள்) நரகத்துக்கு ஏற்றிப்போகும் கப்பலில். ஏறியவர்களுக்குச் சூடு போட்டு முத்திரை குத்துகிறார்கள். ஓட்டுபவன் கோர்ட்டார், கடவுள்களையே கொன்றதற்கு அவனுக்கு வாய்த்த தண்டனை இந்த வேலை. கிரேக்கக் கதைகளில் செத்தவர்களை ஆறு கடத்திவிடும் கேரனின் படகு இதற்கெல்லாம் மூத்தது. நம் பக்கம் யமலோகத்துக்குப் போகும் வழியில் வைதரணி நதி. அங்கே தானம் கொடுத்த பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டியதுதான்!

‘கலாக்டிகா’வில் ஒளிக்கப்பல். 1979இல், செத்துப்போன கதாநாயகன் அப்போலோவை வெள்ளுடை அணிந்த ஒளி மனிதர்கள் எழுப்பிவிடுகிறார்கள். தொடரை உருவாக்கிய கிளென் லார்சன் மார்மன் சமயத்தவர் (அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவு), அந்தச் சாயல் நன்றாகவே தெரியும். ‘ஸ்டார்கேட்’ என்ற இன்னொரு விண்வெளித் தொடரில் நாயகர்களில் ஒருவரான டேனியல் ஜாக்சன் 2002இல் ஒளியாகிப் போனதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

அப்புறம், முடிந்தால் சிங்கப்பூரின் ஹா பார் வில்லா பூங்காவில், சீன நம்பிக்கைப்படி சிலைகளாகக் காட்டியிருக்கும் நரகத்தின் பத்து மன்றங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டணம் உண்டு. பத்தாவதில், மறுபிறவிக்கு முன் பழசை மறக்க மெங் போ கிழவி தேநீர் தருகிறாள். உள்ளூர் உதாரணம், ஆசிரியருக்குப் பிடிக்கும்.

பேச்சை வைதரணியில் தொடங்குங்கள். கிளிங்கனில் தொடங்கினால் பாதி வகுப்பு புரியாமல் திருதிருவென விழிக்கும்.