வர்க்கமூலச் சமன்பாட்டில் இரண்டு விடை வந்தும் ஒன்றை வெட்டுவது ஏன்? தீர்வே இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிற தம்பி கேட்ட கணக்கு √(க + 7) = க − 5. இருபக்கமும் வர்க்கித்தால் க + 7 = க² − 10க + 25. ஒழுங்குபடுத்த க² − 11க + 18 = 0, அதாவது (க − 9)(க − 2) = 0. 9 உம் 2 உம் வருகுது. இதுவரை பிழை இல்லை.

இனி முதல் வரியில் பிரதியிடுங்கோ, வர்க்கித்த வரியில் இல்லை. 9 போட்டால் இருபக்கமும் 4. 2 போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. இரண்டையும் வர்க்கித்தால் 9 தான், அந்த இடத்தில் குறி அழிஞ்சு போகுது. அதால −√(க + 7) = க − 5 என்ற வேறு சமன்பாட்டின் விடையும் கூட வந்து ஒட்டிக்கொள்ளுது. 2 அதன்ர விடை.

"√9 க்கு −3 உம் சரிதானே?" இல்லை. வர்க்கித்தால் 9 தரும் எண்கள் இரண்டு. ஆனால் √ குறி மறையல்லாத மூலத்தை மட்டும்தான் குறிக்கும். 1,600 சதுர மீற்றர் சதுர வயலுக்கு வரம்பு கட்டப்போனால் ஒரு பக்கம் 40 மீற்றர். −40 க்கு மண்வெட்டி பிடிக்க ஆளில்லை.

இது விளங்கினால், தீர்வு இல்லாத கணக்கு பலவற்றைப் பார்த்த உடனேயே சொல்லலாம். √(க + 4) + 5 = 2 இல் மூலத்தைத் தனியாக்கினால் √(க + 4) = −3. அங்கேயே "மெய்த் தீர்வு இல்லை" என்று எழுதி நிறுத்துங்கோ. √(க − 6) + √(2 − க) = 4 இல் க 6 க்குக் குறையக்கூடாது, 2 ஐத் தாண்டவும் கூடாது. அப்படி எண் ஏது?

கொஞ்சம் ஒளிஞ்சிருக்கிறது √(க − 3) − √க = 3. சிறியதில் இருந்து பெரியதைக் கழித்து 3 எப்படி வரும்? கவனிக்காமல் √க ஐ வலப்பக்கம் கொண்டுபோய் வர்க்கித்தால் க − 3 = 9 + 6√க + க, √க = −2. அதையும் வர்க்கித்து "க = 4" என்று முடிக்கிற ஆக்கள் நிறைய. போட்டுப் பாருங்கோ: 1 − 2 = −1.

மூலத்தைத் தனியாக்காமல் வர்க்கிக்கிறதும், (க − 5)² ஐ க² + 25 என்று விரிக்கிறதும் வழமையான பிழைகள். இன்னொன்று, க மறை எண்ணாக வந்ததுக்காக வெட்டுறது. √(6 − க) = 4 இல் க = −10. √16 = 4, சரியான விடை.